ஒரு நூலும் பத்து ஆண்டுகளும்

ஈய எழுத்துக்களை அச்சுக்கோப்பாளர்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்திலே பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். பின்னர் ஈயம் போய்க் கணினி வந்தது. எழுத்தின் இலட்சணமும் கூடவே போய்விட்டதென மூத்த அச்சுக்கோப்பாளர்கள் குறைப்பட்டுக்கொண்டனர். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால், அதே குறையைத் தீர்ப்பதற்காகக் கணினித்துறை அறிஞர் ஒருவர் தமது நடுவயதையே செலவிட்டிருக்கிறார் என்பதைப் பிற்காலத்தில் அறிந்து வியந்தேன்.

அவர் டொனால்ட் கனூத். 1938 இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கியவர். 1962 இல், தமது 24 ஆவது வயதில், பதிப்பகம் ஒன்றின் வேண்டுகோளின்படி நிரலாக்கத் துறை பற்றி ஒரு நூலை எழுதத் தொடங்கினார். அது வளர்ந்து ஏழு பாகங்கள் கொண்ட திட்டமாயிற்று. 1968, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் முதல் மூன்று பாகங்கள் வெளிவந்தன. 1974 இல் கணினித்துறையின் உயரிய கௌரவமான டியூரிங் விருதும் கிடைத்தது. அடுத்து நான்காம் பாகம் வரவேண்டும்.

வரவில்லை. 1977 இல் இரண்டாம் பாகத்தின் திருத்திய பதிப்புக்கான அச்சுப்படிகள் அவரிடம் வந்தன. முன்னைய மொனோடைப் ஈய அச்சு கைவிடப்பட்டு ஒளியச்சுக்கோப்பு இடம்பிடித்திருந்தது. பக்கங்களைப் பார்த்தவருக்கு மனம் சோர்ந்துவிட்டது. வேறொரு நூலாசிரியரென்றால் பதிப்பாளருக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதியதோடு அடங்கியிருப்பார். கனூத் யோசித்தது வேறு. புதிய இயந்திரங்கள் எழுத்தை நுண்ணிய புள்ளிகளால் அமைக்கின்றன. ஓரிடத்தில் புள்ளி உண்டா, இல்லையா என்பது ஒன்றும் பூச்சியமும் பற்றிய கேள்வி. அது தமது துறையல்லவா! அச்சுக்கோப்புக்கு 'டெக்' என்றும், எழுத்துரு வரைவதற்கு 'மெட்டாஃபொன்ட்' என்றும் இரு மென்பொருள்களை எழுதப் புகுந்தார். ஓராண்டு விடுப்பில் முடித்துவிடலாமென்பது அவரது எண்ணம்.

பத்தாண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன. ஆங்கில 'எஸ்' எழுத்தின் வளைவைக் கணிதத்தில் பிடிக்க முடியாமல் அவர் நாட்கணக்கில் திண்டாடியபோது, அதை 'எஸ்' வடிவத்திலேயே வரைந்தால் என்னவென்று மனைவி கேட்டாராம்!

எனக்கு மிகவும் பிடித்தது வரிகளை உடைக்கும் முறை. எங்கள் அச்சுக்கோப்பாளர் ஒரு வரியை நிரப்புவார், இடைவெளியைச் சரிசெய்வார், அடுத்த வரிக்குப் போவார். ஐந்தாம் வரியில் நீண்ட சொல்லொன்று வந்து இடித்தால், முதலாம் வரியைக் கலைக்க அவருக்கு நேரமேது? 'டெக்' முழுப் பந்தியையும் ஒருங்கே நோக்கி, எங்கெங்கே உடைத்தால் பந்தி முழுவதும் சீராக அமையுமெனக் கணக்கிடும். பின்வரும் வரிக்காக முதல் வரி சற்று விட்டுக்கொடுக்கும். இத்தனையும் செய்து அந்த மென்பொருளை இலவசமாகவே உலகுக்குக் கொடுத்தார். கணித ஆய்வாளர்கள் இன்றும் தமது கட்டுரைகளை அதன் வழிவந்த மென்பொருள்களிலேயே அமைக்கின்றனர்.

அந்தப் பத்தாண்டுகள் வீணென்று நான் கருதவில்லை. அது அவர் தாமே தேர்ந்துகொண்ட வேலை. மின்னஞ்சல் அப்படியல்ல, அது மற்றவர்கள் தேர்ந்து அவர் மேசையில் வைத்த வேலை. 1975 அளவிலிருந்து மின்னஞ்சலைப் பயன்படுத்தி வந்தவர், 1990 ஜனவரி முதலாந் திகதி அதனைக் கைவிட்டார். உலகத்தில் பெரும்பாலானோர் மின்னஞ்சல் என்ற சொல்லையே அறியாதிருந்த காலமது! எழுத விரும்புவோர் தபாலில் எழுதலாம். சேர்த்துவைத்து, பல மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பார். ஆழ்ந்து கற்று எழுதுவதற்கு இடையறாத நீண்ட பொழுது வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். 1993 இல் பேராசிரியர் பதவியிலிருந்தும் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்.

அதைப் படித்த அன்று, காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் நண்பகலில் எழும் என் வழக்கத்தை எண்ணிப் பார்த்தேன். எழுத நினைத்து இருபது பக்கங்களோடு நின்றுபோன நூலொன்று என் அலுமாரியில் இருக்கிறது. அன்றும் அதை வெளியே எடுக்கவில்லை.

கனூத்தின் நான்காம் பாகம் ஒரே நூலுக்குள் அடங்கவில்லை. முதற் பகுதி 2011 இல் வந்தது. மூன்றாம் பாகம் வந்து 38 ஆண்டுகளுக்குப் பின். அடுத்த பகுதி 2022 இல் வந்தபோது அவருக்கு வயது 84. நான்காம் பாகம் இன்னும் முடியவில்லை.