வரப்பு அருகும் கோல்ஃப் திடலும்

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்தில் செல்லும்போது வயல் வரப்புகளைக் கவனித்திருப்பீர்கள். எங்கும் அருகு படர்ந்திருக்கும். நடராசர் கோயிலின் முக்குறுணி விநாயகருக்கு அது மாலை. வயலுக்குள் இறங்கிவிட்டாலோ வெறும் களை. ஒரு கணு மண்ணில் தங்கினாலும் மறுபடி துளிர்த்துவிடும் என்று உழவர் அலுத்துக்கொள்வார். இந்தப் பிடிவாதம்தான் கோல்ஃப் ஆட்டத்திற்குத் தேவைப்பட்டது.

பந்தை உருட்டிக் குழியில் விழச் செய்யும் சிறு திடலைக் கிரீன் என்பார்கள். அங்கே புல் நான்கைந்து மில்லிமீட்டர் உயரமே இருக்கலாம். அநேகமாக நாள்தோறும் வெட்டுவார்கள். இலைதானே செடியின் சமையலறை? அதை அன்றாடம் இழந்தும் புல் அடர்ந்து நிற்க வேண்டும். ஆட்டம் வளர்ந்த ஸ்காட்லாந்தின் குளிரில் பென்ட், ஃபெஸ்க்யூ என்னும் புற்கள் இதைத் தாங்கின. வெப்ப நாட்டுக் கோடையில் அவற்றின் வேர் குன்றிவிடும். 1829-இல் கல்கத்தாவில் கோல்ஃப் கழகம் தோன்றியது. பின்னர் ஆட்டம் பரவியபோது, நீர் கிடைக்காத ஊர்களில் புல்லையே கைவிட்டார்கள். மணலில் எண்ணெய் கலந்து இறுக்கி, அதற்குப் 'பிரவுன்' என்று பெயரிட்டு ஆடினார்கள்!

அமெரிக்காவின் தென்பகுதியும் வெப்பமானதே. அங்கு ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர் கிளென் பர்ட்டன். சார்லட் நகரக் கழகம் ஒன்றின் கிரீனில் கிடைத்த அருகைத் தென்னாப்பிரிக்காவின் மெல்லிலை அருகுடன் அவர் கலந்தார். முன்னதில் 36 குரோமோசோம்கள், பின்னதில் 18. இரண்டின் பாதிகளும் சேர, பிறந்த கலப்பில் 27. இவை ஒழுங்காக இணைசேர முடியாததால் செடி மலடாயிற்று; விதை கிடையாது. தண்டுத் துண்டுகளை நட்டே பெருக்க வேண்டும். 1956-இல் வெளிவந்த டிஃப்கிரீன் இதுவே. எல்லாம் ஒரே செடியின் துண்டுகள் என்பதால் திடல் சீராக இருக்கும், பந்து கோணாது ஓடும்.

ஆனால் ஒரே தாயை நம்புவதில் ஆபத்தும் உண்டு. அதைப் பர்ட்டனின் மற்றொரு பயிரில் நம் நாடே கண்டது. அவர் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்னும் ஆண்மலட்டுக் கம்பைத் தாயாகக் கொண்டு, லூதியானாவில் அத்வால் எச்.பி.1 என்ற வீரிய ஒட்டுக் கம்பை உண்டாக்கினார். 1965-இல் அது வெளியாயிற்று. விளைச்சல் பெருகியது. அடுத்து வந்த சில ஒட்டுகளுக்கும் அதே தாய். 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் புகுந்து கொல்லை கொல்லையாகப் பாழாக்கியது. திடல் கெட்டால் ஆட்டம் நிற்கும். கம்பு கெட்டால் வீட்டில் கூழ் இல்லை.

கிரீனில் எல்லாம் ஒரே செடி என்றேனே, அதுவும் நெடுநாள் நிலைப்பதில்லை. டிஃப்கிரீன் நட்ட திடல்களில் தானாகவே சில குட்டைத் திட்டுகள் தோன்றின. அவற்றிலிருந்து பொறுக்கியதே 1965-இல் வந்த டிஃப்ட்வார்ஃப். எல்லா மாற்றமும் இப்படி உதவுவதில்லை. பழைய கிரீன்கள் திட்டுத் திட்டாக நிறம் மாறி, தோண்டி மறுநடவு செய்ய நேர்கிறது. வரப்பிலோ விதையாலும் பரவும் அருகுதான் இருக்கிறது. அடுத்த முறை குனிந்து பாருங்கள்: அகன்ற இலை ஒன்று, அதனருகே ஊசி இலை ஒன்று, செந்தண்டு ஒன்று.