சுவரில் ஓதம், மூலையில் பூஞ்சை: பெயிண்ட் அடித்தால் போதுமா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் சுவரின் அடிப்பாகம் உப்புப் பூத்து, பெயிண்ட் உரிந்து நிற்பதைப் பார்க்கலாம். பீரோவுக்குப் பின்னாலும் குளியலறை மூலையிலும் கறுப்புப் புள்ளிகள் படரும். பெருநாளுக்கு முன் அதன்மேல் ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்பதே பலரின் எண்ணம்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஸ்ஹாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சூடானிலிருந்து குடியேறிய குடும்பம். வாடகைக் குடியிருப்பில் பூஞ்சை இருப்பதாகத் தந்தை முறையிட்டபோது அவருக்குக் கிடைத்த பதிலும் 'மேலே பெயிண்ட் அடியுங்கள்' என்பதுதான். நீண்டகாலம் பூஞ்சைக்கு ஆளானதால் ஏற்பட்ட சுவாசப் பாதிப்பே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி அறிவித்தார். இத்தகைய வீடுகளைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற 'அவாப் சட்டம்' அதன் பிறகே அங்கு வந்தது.

ஓதமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் வசிப்போருக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. குழந்தைகளும் முதியோரும் ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

பூஞ்சையின் நுண்விதைகள் காற்றில் எங்கும் உண்டு. அவற்றை ஒழிக்க முடியாது, ஈரத்தை நிறுத்தலாம். எனவே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு சாண் அகல பாலிதீன் தாளை, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, சுவரில் இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர்த்துளி கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் கோத்தால் காற்றோட்டம் போதவில்லை. மாடித் தூம்பு அடைப்பு, குழாய்க் கசிவு, ஒளூ செய்யும் இடத்தில் தேங்கும் நீர் ஆகியவற்றையும் பாருங்கள்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகள் உயர்ந்த மேடையில், சுண்ணாம்புப் பூச்சுடன், நடுவில் திறந்த முற்றத்துடன் கட்டப்பட்டவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கினாலும் வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். பழுது பார்க்கிறேன் என்று அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, இன்னும் மேலே ஏறும். முற்றத்தை ஷீட் போட்டு மூடினால் காற்றும் போயிற்று. கொத்தனார் வேகமாக முடியும் என்று சிமென்ட்டைத்தான் சொல்வார். பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் வேண்டும் என்று நாம்தான் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

சிறிய திட்டு என்றால் நாமே சுத்தம் செய்யலாம். முகக்கவசம், கையுறை அணிந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, முதலில் ஈரப்படுத்திய பிறகே சோப்புத் தண்ணீரால் தேய்க்க வேண்டும். உலர்ந்த விளக்குமாற்றால் தட்டினால் வித்துகள் அறை முழுவதும் பறக்கும். பிளீச்சிங் பவுடரை வினிகருடனோ கழிவறை ஆசிட்டுடனோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். கழுவிய இடத்தை மின்விசிறி போட்டு அன்றே காயவிடுங்கள். பூஞ்சை ஊறிய பஞ்சு மெத்தை, தலையணை தேறாது. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில் இது இன்னும் மோசம். சாவி வைத்திருக்கும் உறவினரிடம், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது வெயில் நேரத்தில் கதவு ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு வீட்டில் இருமல் கூடி, வெளியூர் போனால் குறைகிறது என்றால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.