இருட்டை எண்ணும் இரு மலர்கள்

குள்ளஞ்சாவடி முந்திரித் தோப்புகளுக்கு மேற்கே இரவு வானில் நெய்வேலியின் வெளிச்சம் படர்ந்திருக்கும். 1962 முதல் அங்கே பழுப்பு நிலக்கரி மின்சாரமாகிறது. அந்த நிலக்கரியும் ஒரு யுகத்தில் வெயில் குடித்த தாவரம்தான். ஏறத்தாழ இதே அட்சரேகையில், ஊட்டி மலையின் பசுமைக்குடில்களில் கார்னேஷன் வளர்கிறது. சற்று வடக்கே ஓசூரில் கொய்மலர்ச் செவ்வந்தி. குளிரும் வெயிலும் ஊருக்கு ஊர் வேறு. இரவின் நீளம் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே. அந்த இரவில் ஒரு பல்பை எரியவிட்டால் போதும், இரு செடிகளும் எதிரெதிர்த் திசையில் போகும்.

செவ்வந்தி குறும்பகல் செடி. அது மொட்டு வைக்காமலிருக்க 13 மணி நேரத்துக்கு மேற்பட்ட பகல் வேண்டும். நம் பக்கத்தின் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடத்தை ஒட்டித்தான். விட்டுவிட்டால் தண்டு நீளுமுன் மொட்டு கட்டிவிடும். அதனால் நட்ட நான்கைந்து வாரம் நள்ளிரவையொட்டி விளக்கு எரிகிறது. கார்னேஷனோ நெடும்பகலை விரும்புவது. விளக்கில்லாமலும் பூக்கும், இருந்தால் முந்திப் பூக்கும். ஆறேழு இணை இலை விட்ட தளிருக்கு அந்தி முதல் விடியல் வரை ஒளி காட்டினால், நுனி இலை விடுவதை நிறுத்தி மொட்டுக்குத் திரும்பிவிடும். அவசரத்துக்கு விலையும் உண்டு: அடுத்த பூவுக்கான பக்கத்தளிர்கள் குறையும்.

எனக்கு வியப்பளிப்பது இந்த முரண் அன்று, இதற்கு அடியிலுள்ள உறவு. இரண்டுமே இந்த ஒளியை உண்பதில்லை. புத்தகம் படிக்கப் போதுமான நூறு லக்ஸ் வெளிச்சத்தில் எந்த இலையும் வயிறு நிரப்ப முடியாது. இரண்டும் பார்ப்பது இருட்டு எங்கே அறுபடுகிறது என்பதை. செடி அளப்பது பகலை அன்று, இரவை என்று 1938இல் ஹாம்னர், பானர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அளக்கும் நிறமியும் இரண்டுக்கும் பொது: ஃபைட்டோக்ரோம். செவ்வந்திக்குச் சிவப்பு ஒளி மட்டும் போதும். கார்னேஷன் அதோடு தொலைசிவப்பும் கலந்திருக்க விரும்புகிறது. பழைய குண்டு பல்பு அதற்கு ஒத்துப்போவது அதனால்தான். எல்இடிக்கு மாறுமுன் எந்தப் பூவுக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தண்டு முழங்காலைத் தாண்டியதும் செவ்வந்திக்கு விளக்கு அணைகிறது. மாலையிலேயே கறுப்பு விரிப்பு இழுத்து மூடி, இரவைப் 14 மணி நேரமாக்குகிறார்கள். அதே மாலையில் கார்னேஷன் குடிலில் விளக்கு ஏற்றினால், இரண்டு குடிலிலும் கிடைப்பது மொட்டு.