மருத்துவத்தின் நான்காம் கூறு

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நோயாளியின் அருகிலிருந்து பணி செய்பவனையும் அவர் சேர்த்து எண்ணினார். உழைச்செல்வான் என்பது அவர் வைத்த பெயர். நான்கனுள் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவு பெறாது என்பதே அப்பகுப்பின் கருத்து. நம் நாட்டு மருத்துவமனைகளின் வரலாற்றை நோக்குமிடத்து, முதல் மூன்று கூறுகளுக்குக் கிடைத்த கவனம் நான்காவதற்குக் கிடைக்கவில்லை என்பது புலனாகும். அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாக ஆராய்வோம்.

செவிலி என்பது பழஞ்சொல். சங்கப் பாடல்களில் தலைவியை எடுத்து வளர்த்த தாய்க்கு அது பெயர். மருத்துவமனையில் பணிபுரியும் பெண்ணுக்கு அப்பெயர் வந்தது மிகப் பிற்காலத்தில். 1664இல் சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நோயுற்ற போர்வீரர்களுக்கென ஒரு மருத்துவமனை ஏற்படுத்தினர். ஆயினும் பயிற்சி பெற்ற செவிலியர் தமிழ் மண்ணில் தோன்ற இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தன. 1854இல் சென்னை அரசாங்கம் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்க முற்பட்டது. இந்தியப் படைகளின் உடல்நலம் பற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1863இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பின்னணியில் அயராது உழைத்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். இந்நாட்டில் ஒருமுறையும் கால் வையாத அவர், இங்குள்ள மருத்துவமனைகளுக்கு வேண்டிய செவிலியர் அமைப்பைப் பற்றி 1865இலேயே யோசனைகள் எழுதியனுப்பினார். 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. 1888இல் தேர்ச்சி பெற்ற பத்துச் செவிலியர் இங்கிலாந்திலிருந்து பம்பாயில் வந்திறங்கினர். அவர்கள் வந்தது படைவீரரைப் பேணுவதற்கே. குடிமக்களில் பெண்களின் மருத்துவத்துக்காக 1885இல் டப்பரின் சீமாட்டியின் நிதி தோற்றுவிக்கப்பட்டது. 1908இல் பயிற்சி பெற்ற செவிலியரின் அகில இந்தியச் சங்கம் உருவாயிற்று. 1926இல் சென்னை மாகாணம் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது.

சட்டமும் சங்கமும் வந்தன, ஆட்கள் வரவில்லை. பிறர் உடலைத் தொட்டுக் கழுவும் வேலையை இழிவென்று கருதிய சாதி வழக்கம் ஒருபுறம். வயதுவந்த பெண் இரவில் வீட்டுக்கு வெளியே தங்குவதை ஒப்பாத குடும்ப வழக்கம் மறுபுறம். ஆகவே நெடுங்காலம் இப்பணியின் சுமையைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே ஆவர். நாடு முழுவதற்கும் வேண்டியிருந்த தொண்டினைச் சிறு சமூகங்கள் சில தம் தோளில் சுமந்தன.

குறைபாட்டின் அளவை முதன்முதலில் எண்ணிக் காட்டிய பெருமை சர் ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைந்த குழுவைச் சாரும். 1946இல் வெளிவந்த அதன் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் இருந்த செவிலியர் ஏறத்தாழ 7,000 பேரே என்று கூறியது. அதாவது 43,000 மக்களுக்கு ஒரு செவிலி. அதே காலத்தில் மருத்துவர் 6,300 மக்களுக்கு ஒருவர் இருந்தனர். இங்கிலாந்திலோ 300 பேருக்கு ஒரு செவிலி இருந்தார். மருத்துவரைவிடச் செவிலியர் மிகுந்திருக்க வேண்டும் என்பது மருத்துவமனை முறையின் அடிப்படை. இங்கே அது தலைகீழாகக் கிடந்தது. 1971ஆம் ஆண்டுக்குள் 500 பேருக்கு ஒரு செவிலி வேண்டும் என்று குழு இலக்கு வகுத்தது. குறைந்த ஊதியம், நீண்ட வேலை நேரம், நெருக்கடியான தங்குமிடம் ஆகியவற்றை மாற்றாமல் நல்ல பெண்களை இத்தொழிலுக்கு ஈர்க்க இயலாது என்பதையும் அது மறைக்காமல் சொன்னது.

பயன் ஒன்றும் விளையவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 1946இலேயே தில்லியிலும் வேலூரிலும் செவிலியருக்குப் பட்டப் படிப்பு தொடங்கியது. 1947இன் இறுதியில் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறிற்று. 1954இல் செவிலியரின் பணி நிலைமைகளை ஆராய ஷெட்டி குழு அமைக்கப்பட்டது. 1987இல் திருமதி சரோஜினி வரதப்பன் தலைமையில் உயர்மட்டக் குழு ஒன்று நியமிக்கப்பட்டு 1989இல் அறிக்கை அளித்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை போதும் என்றும், செவிலியரைச் செவிலியம் அல்லாத பிற வேலைகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்த்தல் நலம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு செவிலி வாரத்தில் 48 மணி நேரம் உழைத்தால், ஒரு நோயாளிக் கூடத்தில் இரவும் பகலும் ஒருவர் நிற்பதற்கே மூன்றரைப் பேர் வேண்டும். 40 மணி நேரம் என்றால் நால்வருக்கும் மேல். நோய் விடுப்பு, பேறுகால விடுப்பு, திருவிழா விடுப்பு எல்லாம் சேர்ந்தால் ஐவருக்குக் குறையாது. இக்காரணத்தாலேயே இந்தியச் செவிலியர் மன்றம், போதனை மருத்துவமனைகளின் பொதுப் பிரிவில் 3 நோயாளிகளுக்கு ஒருவர், பிற மருத்துவமனைகளில் 5 நோயாளிகளுக்கு ஒருவர் என்று அளவு வகுத்தபோது, விடுப்பை ஈடுசெய்ய 30 விழுக்காடு கூடுதலாக வேண்டும் என்றும் சேர்த்தது. மத்திய நிதி அமைச்சகத்தின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 1990களின் தொடக்கத்தில் வேறோர் அளவு வகுத்தது: பொதுப் பிரிவில் 6 படுக்கைக்கு ஒருவர். மருத்துவ வார்த்தை ஒன்று, கஜானாவின் வார்த்தை மற்றொன்று.

அரசாங்க அறிக்கைகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் நாள்தோறும் காணும் சொற்கள் மூன்று உண்டு: அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்ட பணியிடம், காலிப் பணியிடம். மொழிபெயர்ப்பில் இவை எளிய சொற்களே. ஆனால் அனுமதிக்கப்பட்டதற்கும் நிரப்பப்பட்டதற்கும் இடையிலுள்ள எண்ணை நோயாளிக் கூடத்தில் வைத்துப் பார்த்தால், அது ஒரு செவிலியின் இரவாக மாறிவிடுகிறது. காலிப் பணியிடத்தின் வேலை காலியாக இராது. அதனை வந்திருப்பவரே செய்து முடிக்க வேண்டும்.

அவ்வாறு செய்யுமிடத்தில் நேர்வது என்ன? உரிய நேரத்தில் கொடுக்க வேண்டிய மருந்து தாமதமாகிறது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோனதைக் கவனிக்க ஆளில்லை. புரட்டிப் படுக்க வைக்காத நோயாளிக்கு முதுகில் புண் உண்டாகிறது. ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்கு ஓடும் கைகளைக் கழுவப் பொழுதின்றி நோய் பரவுகிறது. மூச்சின் மாறுதலை முதலில் காண்பவர் செவிலி. அவர் இல்லாதபோது அதனைக் காண்பவர் எவருமில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வொன்று, ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை மருத்துவம் பெற்றோர் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்று காட்டியது. கலிபோர்னியா மாநிலம் ஒரு செவிலிக்கு இத்தனை நோயாளிகளே என்று 1999இல் சட்டம் இயற்றி 2004 முதல் நடைமுறைப்படுத்தியது.

ஆள் குறைவால் துன்புறுவோர் நோயாளிகள் மட்டுமல்லர். 1973 நவம்பரில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில், பணி முடிந்து உடை மாற்றுவதற்காகக் கட்டடத்தின் அடித்தளத்துக்குச் சென்ற அருணா ஷான்பாக் என்னும் செவிலியை அங்கேயே வேலை பார்த்த ஒருவன் கொடுமையாகத் தாக்கினான். கன்னடக் கடற்கரையிலிருந்து பிழைப்புக்காகப் பம்பாய் வந்த பெண் அவர். மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே மாதத்தில் இறக்கும்வரை அதே மருத்துவமனையிலேயே கிடந்தார். நிகழ்ச்சியை அடுத்துச் செவிலியர் வேலைநிறுத்தம் செய்து பாதுகாப்புக் கோரினர். பின்னர் அவரை வேறிடத்துக்கு அகற்ற மாநகராட்சி முயன்றபோது அதனை எதிர்த்து நின்றவர்களும் அச்செவிலியரே. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பேணிய அவருக்குப் படுக்கைப் புண் ஒன்றும் உண்டாகவில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. போதிய கைகளும் மனமும் ஒன்றுசேர்ந்தால் செவிலியம் எதனைச் செய்யவல்லது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. அதே 2011இன் டிசம்பரில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில் தீப்பற்றியபோது, நோயாளிகளை வெளியேற்றிக்கொண்டிருந்த கேரளச் செவிலியர் இருவர் புகையில் மடிந்தனர். 2018 மே மாதத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா நோயாளியைப் பேணிய செவிலி ஒருவர் அந்நோயாலேயே இறந்தார்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. 2011, 2012ஆம் ஆண்டுகளில் தில்லி, மும்பை, கொல்கத்தா, கேரளம் ஆகிய இடங்களின் தனியார் மருத்துவமனைகளில் செவிலியர் வேலைநிறுத்தங்கள் நடந்தன. சொற்ப ஊதியம், ஓயாத இரவுப் பணி, ஒப்பந்தக் கட்டு, வேலையை விட்டுப் போகாதபடி சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்தல் ஆகியவையே அவர்கள் கூறிய குறைகள். கல்விக் கடன் பெற்றுப் படித்த பெண்ணுக்கு அச்சான்றிதழே ஒரே சொத்து அன்றோ? செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தையும் பணி நிலைமையையும் ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசாங்கத்தைப் பணித்தது. 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் வேண்டும் என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் மாநில அரசாங்கச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. கேரளம் 2018இல் குறைந்தபட்ச ஊதிய ஆணை பிறப்பித்தது. பரிந்துரையை ஆணையாக்கும் பொறுப்பு மாநிலங்களைச் சார்ந்ததால், செவிலி எந்த மாநிலத்தில் வேலை பார்க்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய நிலைமை மாறுகிறது. 2020 மே மாதத்தில், கொள்ளைநோயின் நடுவே, மணிப்பூர் முதலிய மாநிலங்களைச் சேர்ந்த செவிலியர் பலர் கொல்கத்தா மருத்துவமனைகளை விட்டுத் தம் ஊர் திரும்பியதை நாடு கண்டது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியவேண்டுவது ஒன்றுண்டு. 1946இல் நாட்டில் செவிலியர் இல்லை. ஆகவே மருத்துவமனைகளில் ஆள் குறைந்தது. இன்றோ பதிவேடுகளில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவர்களுள் பலர் வெளிநாடுகளில் பணிபுரிகின்றனர். பலர் தொழிலை விட்டு நீங்கினர். எஞ்சியவருள் பலர் ஒப்பந்த ஊதியத்தில் நிலையின்றி இருக்கின்றனர். அன்றைய குறை ஆட்களின் குறை. இன்றைய குறை பணியிடங்களின் குறை. முன்னதைத் தீர்க்கக் கல்லூரிகள் வேண்டியிருந்தன. பின்னதைத் தீர்க்கக் கல்லூரி மட்டும் போதாது. பணமும் சட்டமும் அவற்றை நடைமுறைப்படுத்தும் உறுதியும் வேண்டும்.

சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இஃது அயலார் செய்தியன்று. நம் நாட்டு மருத்துவமனைகளில் செவிலியர் குறையை இதுவரை மூடி மறைத்து வந்தவர் நோயாளியின் உறவினரே. மருந்து வாங்கி வருவதும், கஞ்சி புகட்டுவதும், இரவில் விழித்திருப்பதும் தாயும் மனைவியும் தமக்கையும் செய்யும் வேலைகளாயின. தில்லியிலோ மும்பையிலோ தனித்து வாழும் ஒருவர் நோயில் விழுந்தால் அந்த உறவினர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார். அவருக்கு இருக்கும் ஒரே உழைச்செல்வான் செவிலியே. அச்செவிலியும் பெரும்பாலும் அவரைப் போலவே வேற்றூரிலிருந்து வந்தவர்.

ஆகவே மருத்துவமனை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கருவிகளையும் மருத்துவர்களின் பட்டங்களையும் கேட்டறிவதோடு, மற்றொரு கேள்வியையும் நேயர்கள் கேட்பார்களாக: இரவு பத்து மணிக்குப் பின் இங்கே ஒரு செவிலியின் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருக்கின்றனர்? கேட்பவர் பெருகினால், விடை சொல்லவேண்டிய கட்டாயமும் பெருகும்.