நிக்கிற வண்டிக்கு எதுக்குங்க இன்ஜின்?

போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் ஏறினாலும் சரி, ஆலங்காயத்துல இருந்து காவலூர் வழியா ஏறினாலும் சரி, மலைப்பாதையில சிக்னல் தொல்லை கிடையாது. ஆனாலும் ஜவ்வாது மலையில வண்டிங்க இன்ஜினை அணைக்காம நிக்கத்தான் செய்யுது. டீக்கடை வாசல்ல பஸ், பீமன் நீர்வீழ்ச்சி பக்கம் ஏசிக்காக உறுமிக்கிட்டே நிக்கிற கார், சரக்கு இறக்கி முடிக்கிற வரைக்கும் புகை விடுற மினி லாரி. "சட்டம் போட்டு ஃபைன் தீட்டணும் சார்" அப்படின்னு நம்மாளுங்க உடனே கிளம்பிடுவாங்க. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் வரலாறு பேசணும். பொட்டி தட்டுறவனுக்கு எதுக்கு வரலாறுன்னு கேக்காதீங்க, படிச்சது மெக்கானிக்கல் :-)

இன்ஜினை அணைக்காம வைக்கிறது சோம்பேறித்தனத்துல பிறந்த பழக்கம் இல்லை. ஆரம்பத்துல காரை ஸ்டார்ட் பண்ண முன்னாடி போய் கைப்பிடியைச் சுத்தணும். அது எதிர்ப்பக்கம் அடிச்சா கை முறியும். 1912-ல காடிலாக் கார்ல செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் அந்தப் பயம் குறைஞ்சது. நம்ம ஊர்லயோ அம்பாசடரும் பத்மினியும் ஓடின காலம் முழுக்க கார்புரேட்டர், சோக், சோர்ந்து போன பேட்டரி. காலையில ஒரு தடவை ஸ்டார்ட் ஆனாலே சாமிக்குத் தேங்காய் உடைக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை அஞ்சு நிமிஷ டீக்காக யார் அணைப்பாங்க? "அணைச்சா மறுபடி ஸ்டார்ட் பண்ண ரொம்ப பெட்ரோல் குடிக்கும்" அப்படிங்கிற பேச்சுக்கு அந்தக் காலத்து இன்ஜின்ல கொஞ்சம் நியாயம் இருந்தது. டிரைவர்கள் அதை கிளீனர்களுக்குச் சொன்னாங்க, கிளீனர்கள் டிரைவர் ஆனதும் அடுத்தவங்களுக்குச் சொன்னாங்க.

2000-ஐ ஒட்டி மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் இறுக ஆரம்பிச்சதும் பெட்ரோல் கார்கள்ல கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் அளந்து எரிபொருள் தெளிக்கிற முறை வந்தது. 2020 ஏப்ரல்ல நாடு முழுக்க பிஎஸ்-6. இப்போ ஒரு சாதாரண காரை 10 விநாடிக்கு மேல சும்மா ஓட விட்டாலே, அணைச்சு மறுபடி ஸ்டார்ட் பண்றதை விட அதிகமா எரியும். இன்ஜினை மாத்தினதெல்லாம் சட்டம்தான், அதை நான் மறுக்கலை. ஆனா டிரைவர் தலைக்குள்ள இருக்கிற பழைய வெர்ஷனை யாரும் அப்டேட் பண்ணலை. ஹார்டுவேர் புதுசு, மேனுவல் மட்டும் 1970.

சொல்லிப் பார்க்கவே இல்லையான்னா, சொன்னாங்க. 1973 அரபு-இஸ்ரேல் போருக்குப் பிறகு ஒரு பீப்பாய் எண்ணெய் 3 டாலர் அளவுல இருந்து சில மாசத்துலயே 12 டாலர் பக்கம் போச்சு. பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில வந்தது அந்த வருஷம்தான். அந்த அடியோட தொடர்ச்சியா 1976-ல எண்ணெய்ச் சிக்கனத்துக்கு ஒரு குழு போட்டாங்க. 1978-ல அது பி.சி.ஆர்.ஏ. எனப்படும் பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிக் கழகமா மாறியது. சிக்னல்ல இன்ஜினை அணைக்காத அப்பாகிட்ட, "பெரியவனானதும் சைக்கிள் ரிப்பேர் கடை வைக்கப் போறேன், அதுக்குள்ள பெட்ரோல் தீர்ந்துடுமே"ங்கிற மாதிரி ஒரு பையன் பேசுவானே, டிவி விளம்பரம், ஞாபகம் இருக்கா? அது இவங்களோடதுதான். தில்லியில 2020 அக்டோபர்ல "சிவப்பு விளக்கு எரிஞ்சா வண்டியை அணை" இயக்கம் ஆரம்பிச்சப்போ ஃபைன் சீட்டு கொடுக்கலை. சிக்னல்ல ஆட்கள் அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, அணைக்காதவங்களுக்கு ரோஜாப்பூ கொடுத்தாங்க.

சரி, சட்டம் போட்ட ஊர்ல என்ன கதை? இங்கிலாந்துல 2002 விதிப்படி 20 பவுண்டு அபராதம் உண்டு. ஆனா அதிகாரி முதல்ல "அணைங்க"ன்னு சொல்லணும், மறுத்தாத்தான் அபராதம். ஆக சட்டமே பேச்சுல இருந்துதான் ஆரம்பிக்குது. கனடாவோட டொரண்டோவில 1996-லயே 3 நிமிஷத்துக்கு மேல கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு. அப்புறமும் பள்ளிக்கூட வாசல்லயும் ரயில் நிலைய வாசல்லயும் ஒரு சோதனை நடத்த வேண்டி வந்தது. அதுதான் இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச இடம். "இன்ஜினை அணைக்கவும்" அப்படின்னு பலகை மட்டும் வெச்ச இடத்துல பெருசா மாற்றம் இல்லை. பலகையோட, ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் நேர்ல பேசி, அவர் சம்மதிச்சா கண்ணாடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன இடத்துல, அணைக்காம நிக்கிற வண்டிகள் 32 சதவீதம் குறைஞ்சது. ஓட விடுற நேரம் 73 சதவீதம் குறைஞ்சது. விழிப்புணர்வுன்னா ஃப்ளெக்ஸ் பேனர்னு நினைக்கிற நம்ம ஊர் ஆட்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

நம்ம ஊர்ல மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 126-ஆம் பிரிவு ஒண்ணு இருக்கு. ஓட்டுநர் இருக்கையில லைசென்ஸ் உள்ள ஆள் இல்லைன்னா, இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டுட்டுத்தான் வண்டியை விட்டுப் போகணும். வண்டி தானா உருளக்கூடாதுங்கிறது அதோட கவலை. புகை அதுல வரவே இல்லை.

இப்போ மலைக்கு வருவோம். இங்கதான் ஒத்தை வரிச் சட்டம் உதவாது. பஸ்ல இருக்கிறது ஏர் பிரேக். காற்றை அமுக்குற கம்ப்ரசர் இன்ஜின்ல இருந்துதான் ஓடும். எங்கயாவது கசிவு இருந்தா, அணைச்சு நிக்கிற நேரத்துல அழுத்தம் இறங்கிடும். அந்த டிரைவர் இன்ஜினை ஓட விடுறது திமிர் இல்லை, கொண்டை ஊசி வளைவுல பிரேக் பிடிக்கணுமேங்கிற கவலை. அவருக்குத் தேவை ஃபைன் இல்லை, டிப்போவில கசிவை அடைக்கிறது. அதே மாதிரி டர்போ வண்டி மேடு ஏறி வந்ததும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஓட விட்டு அணைக்கிறது நல்லதுதான். கால் மணி நேரம் அல்ல.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. "இன்ஜினை அணைச்சா மிச்சம்" அப்படிங்கிறதை அரைகுறையா புரிஞ்சுக்கிட்டு, இறக்கத்துல நியூட்ரல்ல போட்டு, சாவியையும் திருப்பி உருட்டிக்கிட்டு வர்றவங்க இருக்காங்க. இன்ஜின் நின்னா கார்ல பிரேக்குக்குக் கிடைக்கிற உதவி ரெண்டு மூணு மிதிக்குள்ள தீர்ந்துடும், மிதி கல்லாயிடும். ஸ்டீயரிங் கனக்கும். கியர் தர்ற பிடிப்பும் போயிடும். இத்தனைக்கும் மிச்சம்னு ஒண்ணுமே இல்லை. இன்றைய வண்டி கியர்ல இறங்கும்போது, ஆக்சிலேட்டர்ல கால் வைக்கலைன்னா கம்ப்யூட்டரே எரிபொருளை நிறுத்திடும். நியூட்ரல்ல போட்டாத்தான் எரியும்! நின்னா அணை, இறங்கும்போது அணைக்காதே. காரணம் தெரிஞ்சவருக்கு ரெண்டும் ஒரே பாடம். வெறும் விதியா மட்டும் கேட்டவருக்கு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண்.

டீசல் புகையை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல உறுதியான புற்றுநோய்க் காரணி பட்டியல்ல சேர்த்தாச்சு. பஸ் நிறுத்தத்துல அந்தப் புகை குழாய்க்கு நேரா நிக்கிறது பள்ளிக்கூடப் பசங்க. அதனால இது சில்லறைப் பிரச்சனை இல்லை. ஆனா ஒவ்வொரு வளைவுலயும் நின்னு 3 நிமிஷம் எண்ண எந்த போலீஸ்காரரால முடியும்? டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், டிப்போ மெக்கானிக், கண்டக்டர், டீக்கடைக்காரர், இவங்களால முடியும். "அண்ணே, ஏன் அணைக்கலை?"ன்னு கேட்டு, அவர் சொல்ற காரணத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அது இன்னைக்கும் செல்லுபடியாகுதான்னு பேசணும். அந்தப் பழக்கம் வாய் வழியாத்தான் வந்தது, போறதும் வாய் வழியாத்தான் போகும்.

உங்க ஊர் டிரைவர்கள் என்ன காரணம் சொல்றாங்க? பின்னூட்டத்துல எழுதுங்க மக்கா. இதுல விட்டுப்போன நியாயமான காரணம் ஏதாவது இருந்தா கண்டிப்பா சொல்லுங்க.