தமிழ்ச் சிறார் வரலாற்று நாவல்

சிறார் வரலாற்று நாவல், கடந்த காலத்தை ஒரு குழந்தையின் கண்வழி காட்டும் புனைகதை. இதில் அரசரும் போரும் பின்னுக்குப் போக, அடுக்களையும் தெருவும் விளையாட்டும் முன்னுக்கு வரும்.

  

தமிழில் குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950இல் தோன்றியது. அதற்கு முன்னின்ற அழ. வள்ளியப்பா (1922–1989) 'நீலா மாலா' போன்ற சிறார் நாவல்களை எழுதினார். வரலாற்றைப் பொறுத்தவரை, அதே 1950இல் கல்கி இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' போன்ற தொடர்களையே வீட்டுப் பெரியவர்களோடு பிள்ளைகளும் படித்தனர். அவை பெரும்பாலும் அரண்மனை வரலாறு.

இந்த நிலையை மாற்றியது கீழடி அகழாய்வு. அங்கே கிடைத்தவை அரண்மனைப் பொருள்களல்ல. உறைகிணறு, பகடைக்காய், 'ஆதன்' என்று கீறிய பானை ஓடு. அந்த வாழ்விடம் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குச் செல்கிறது எனத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. கோவில்பட்டிக்காரரும் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவருமான உதயசங்கர் (பிறப்பு 1960), இந்தப் பின்னணியில் எழுதிய சிறார் நாவல் 'ஆதனின் பொம்மை'. இக்காலச் சிறுவன் ஒருவன் பழம்பொம்மையின் வழியே பண்டைய ஆதனைச் சந்திக்கிறான். இந்நூலுக்கு 2023ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் விருது கிடைத்தது.

அதே விருதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (விருது 2020), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (விருது 2025) ஆகியவற்றில் சிறுமியரே நாயகியர். ஆனால் அவர்கள் இன்றைய உலகின் பிள்ளைகள். பழங்காலத்துக்குப் போகும் வாய்ப்பு, இந்த மூன்று நூல்களுக்குள் பையனுக்கே வாய்த்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஒரு சிறுமியைப் பழங்காலத்துக்கு அனுப்பும் நாவலுக்குக் கச்சாப்பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022இல் அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்கள், மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள், வட்டச் சில்லுகள் அங்கே வெளிப்பட்டன. இந்தச் சில்லுகள் பாண்டி ஆட்டத்துக்குப் பயன்பட்டிருக்கலாம் என்பது ஒரு கருத்து. கரிசல் ஊர்ப் பெண்பிள்ளைகள் நன்கறிந்த ஆட்டம் அது.