அட்டையில் தங்கிய காசு

பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக் கிழித்துக் கொடுத்த காலத்தில் மிச்சப் பணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏறினோம், காசு கொடுத்தோம், சில்லறை வாங்கினோம். கணக்கு அங்கேயே தீர்ந்தது. பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டுப் பிறகு பயணம் செய்யும் முறை வந்தபோதுதான், பயணம் செய்யாமல் தங்கிவிட்ட காசு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பிறந்தது. ஜொகூரிலிருந்து நம் பிள்ளைகள் பலர் நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரும் சிங்கப்பூரில் இந்தக் கேள்வி எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம்.

அங்கே 1987 நவம்பர் 7ஆம் நாள் எம்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியது. பணம் நிரப்பிய காந்த அட்டைகளும் அதனுடன் புழக்கத்துக்கு வந்தன. 1990இல் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பொதுவான டிரான்சிட்லிங்க் அட்டை வந்தது. 2002 ஏப்ரலில், தொட்டாலே கட்டணம் கழியும் ஈசி-லிங்க் அட்டை அறிமுகமாயிற்று. 2009க்குள் அதுவும் புதிய ரகத்துக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய அட்டையின் மீதியை அதன் சொந்தக்காரர்தான் நினைவு வைத்துக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்காதவரின் காசு பெட்டியடியில் கிடந்தது.

காசு தங்குவதற்கு அட்டையின் விதியே ஒரு காரணம். பெரியவர்களின் அட்டையில் குறைந்தது 3 வெள்ளி இருந்தால்தான் ரயில் நிலையக் கதவு திறக்கும். 2 வெள்ளி 90 காசு வைத்திருப்பவர் மேலும் பணம் போட வேண்டும். இல்லையேல் அந்த 2 வெள்ளி 90 காசு அப்படியே நின்றுவிடும். ஒருவருக்கு இது சிறிய தொகை. பல இலட்சம் அட்டைகளில் சேர்ந்தால் சிறிய தொகையா?

இந்தப் பணம் நிறுவனத்தின் வருமானம் அன்று, பயணிக்கு அது பட்டிருக்கும் கடன். சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இவ்வாறு சேர்ந்த பணம் 30 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் ஒரு வங்கி முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்று விதித்தது. பின்னர் 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

2024 ஜனவரியில் பெரிய சர்ச்சை எழுந்தது. பெரியவர்களின் பழைய அட்டைகள் ஜூன் 1 முதல் செல்லாது, எல்லாரும் சிம்ப்ளிகோ முறைக்கு மாற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. பழைய அட்டை நம் கையிலுள்ள உண்டியல் போன்றது; தொட்டவுடன் மீதி தெரியும். புதிய முறை கடைக்காரரின் 555 நோட்டைப் போன்றது. கணக்கு அவரிடம்தான் இருக்கும். கதவருகே மீதி தெரியாததை மக்கள் ஏற்கவில்லை. தம் காசு எவ்வளவு என்று பார்க்க விரும்பியது நியாயமே என்று நாம் கருதுகிறோம். சில நாள்களில், ஜனவரி 22ஆம் தேதி, அரசாங்கம் பின்வாங்கியது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி கூடுதலாகச் செலவிடப்படும் என்று அமைச்சர் தெரிவித்தார்.

வீட்டில் அப்படியோர் அட்டை கிடந்தால், சிங்கப்பூர் செல்லும் பிள்ளையிடம் கொடுத்து நிலைய டிக்கெட் அலுவலகத்தில் காட்டச் சொல்லலாம். அட்டையின் விலையான 5 வெள்ளி திரும்பாது. மீதிப் பணம் கிடைக்கும். காலாவதியான அட்டைக்கும் பணம் தருவார்கள், ஆனால் அதற்கொரு கெடு உண்டு.